அபிருசியும் உத்தியோகமும்

தனக்கு எதில் மனம் செல்கிறதோ அதையே ஜீவனமாகக் கொள்ளவேண்டும் என்னும் உபதேசம், கல்லூரிப் படிப்பை முடிக்கும் தறுவாயில் நிற்கும் இளைஞர்களுக்கு இந்நாளில் எல்லாத் திசைகளிலிருந்தும் வந்து சேர்கிறது. அதைக் கேட்டு ஊக்கம் கொள்பவர்கள் ஒருபுறம் இருக்க, தமக்குள் அத்தகைய தீவிரமான விருப்பம் எதுவும் தென்படவில்லையே என்று கலங்கித் தம்மிடமே குறை காணும் பிள்ளைகளும் உண்டு என்பதை, ஆசிரியத் தொழிலில் சில காலம் இருந்தவர் எவரும் அறிவர். அக்கலக்கம் நியாயமானதா என்று கேட்பதற்கு முன், இவ்வுபதேசத்துக்கு அடியில் கிடக்கும் ஓர் அனுமானத்தைப் பரிசோதிப்பது அவசியம். மனிதனுடைய அபிருசி அவன் எந்தத் தொழிலிலும் புகுவதற்கு முன்பே அவனுள் முழு வடிவில் அமைந்திருக்கிறது என்பதும், அதைக் கண்டெடுத்து அதற்கு இயைந்த உத்தியோகத்தோடு பொருத்துவதே செய்யவேண்டிய காரியம் என்பதும் அவ்வனுமானம்.

இதற்குச் சாஸ்திர வடிவம் தந்தவர் அமெரிக்கராகிய பிராங்க் பார்சன்ஸ். 1908-இல் பாஸ்டன் நகரில் தொழில் ஆலோசனை நிலையம் ஒன்றை அவர் நிறுவினார். அவர் இறந்த மறு ஆண்டில் வெளிவந்த அவருடைய நூல், தன்னை அறிதல், தொழில்களை அறிதல், இவ்விரண்டையும் இணைத்து நிதானமாக ஆராய்தல் என்னும் மூன்று படிகளில் தொழில் தேர்வை அடக்கியது. 1927-இல் எட்வர்டு ஸ்டிராங் என்பவர் விருப்பத்தை வினாத்தாள் கொண்டு அளக்கும் முறை ஒன்றையும் வகுத்தார். பிறப்பு விதித்த தொழிலிலிருந்து மனிதனை விடுவித்து, தேர்ந்துகொள்ளும் உரிமை அவனுக்கு உண்டு என்று கூறிய அளவில் இச்சித்தாந்தம் போற்றத்தக்கதே. 1953-இல் சென்னை ராஜ்யத்தில், அரைநாள் பள்ளியும் அரைநாள் பெற்றோர் தொழிலும் என்று அமைந்த ஆரம்பக் கல்வித் திட்டத்தைக் குலக்கல்வி என்று பெயரிட்டு மக்கள் எதிர்த்ததும், மறு ஆண்டே அது கைவிடப்பட்டதும் நம் நினைவில் இருக்கவேண்டும். பார்சன்ஸை நான் மறுப்பது அந்தப் பழைய தளையை மீண்டும் பூட்டுவதற்கு அன்று. விருப்பம் முன்னே, தொழில் பின்னே என்று அவர் வைத்த வரிசை உண்மை வாழ்வோடு ஒத்துவருகிறதா என்பதே என் ஐயம்.

இவ்வையத்தைத் தெளிய, அபிருசியே வாழ்வாகக் கொண்டவர் என்று நாம் அனைவரும் கருதும் ஒருவருடைய சரித்திரத்தையே எடுத்துக்கொள்ளலாம். உத்தமதானபுரத்தைச் சேர்ந்த, 1855-ஆம் ஆண்டு பிறந்த சாமிநாதையரின் தந்தையார் சங்கீத வித்துவான்; மகனும் இசையில் தேறவேண்டும் என்பது அவர் ஆசை. மாயூரத்தில் கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் இசை பயிலும் பாக்கியமும் மகனுக்குக் கிட்டியது. ஆனால் தம் தமிழாசிரியராகிய மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்கு அது உவப்பில்லை என்று அறிந்ததும், சாமிநாதையர் அப்பயிற்சியை விட்டுவிட்டுத் தமிழ் ஒன்றிலேயே நின்றார். இதுவரை பார்த்தால் பார்சன்ஸின் வரிசை சரியாகவே தோன்றும். தமிழ்ப் பற்று முன்னே வந்துவிட்டது அல்லவா?

எந்தத் தமிழ் என்று கேட்கும்போதுதான் வரிசை குலைகிறது. பிள்ளையவர்களிடத்திலும், அவர் 1876-இல் மறைந்தபின் திருவாவடுதுறை ஆதீனத்துச் சுப்பிரமணிய தேசிகரிடத்திலும் சாமிநாதையர் கற்றது அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், உலா, கோவை முதலிய பிரபந்தங்களும் புராணங்களும் இலக்கணமும். அவர் விருப்பம் அந்தப் பரம்பரைக்குள்ளேயே வளர்ந்து, ஒரு வித்துவானாக, செய்யுள் இயற்றுபவராக, பாடம் சொல்பவராக முதிர்ந்திருக்க வேண்டியது. 1880-இல் கும்பகோணம் கல்லூரித் தமிழ்ப் பண்டிதர் தியாகராச செட்டியார் ஓய்வு பெற, அவருடைய முயற்சியால் அப்பதவி இவருக்குக் கிடைத்தது. அதே ஆண்டு அக்டோபர் மாதத்தில், அவ்வூருக்கு முனிசீப்பாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரை அவர் காணச் சென்றார்.

அந்தச் சந்திப்பைச் சற்று நின்று பார்க்கவேண்டும். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் வினவ, இருபத்தைந்து வயதுப் பண்டிதர் தாம் கற்ற பிரபந்தங்களை அடுக்கடுக்காகச் சொல்லிக்கொண்டு போகிறார். கேட்பவர் முகத்தில் மலர்ச்சி இல்லை. இன்னும் சில நூல்களைச் சொல்கிறார், அப்போதும் இல்லை. இறுதியில் முதலியார், சீவகசிந்தாமணி படித்ததுண்டா, சிலப்பதிகாரம், மணிமேகலை படித்ததுண்டா என்று கேட்கிறார். ஒன்றையும் இவர் படித்ததில்லை. தமிழில் தாம் அறியாத பெரும்பரப்பு ஒன்று இருக்கிறது என்பதை, தமிழைத் தொழிலாக ஏற்றுச் சில மாதங்களே ஆன அப்போதுதான் அவர் அறிந்தார். புத்தகம் கிடைத்தால் படித்துவிடலாம் என்னும் துணிவோடு அவர் வாங்கி வந்த சிந்தாமணிப் பிரதியோ, எளிதில் பிடிகொடுக்கவில்லை. நச்சினார்க்கினியர் உரையில் வரும் மேற்கோள்கள் எந்நூலுக்கு உரியவை என்று விளங்கவில்லை. ஜைன சமயக் கொள்கைகள் பிடிபடவில்லை. சைவ மடத்தில் வளர்ந்த அப்பண்டிதர், கும்பகோணத்து ஜைனர்களை நாடிச் சென்று கேட்டுத் தெளிந்தார். ஏழு ஆண்டுகளுக்குப் பின், 1887-இல் சிந்தாமணி அச்சேறியது. பத்துப்பாட்டு 1889-இலும், சிலப்பதிகாரம் 1892-இலும், புறநானூறு 1894-இலும், மணிமேகலை 1898-இலும் தொடர்ந்தன.

இவ்வரலாற்றிலிருந்து நான் கொள்ளும் முடிபு ஒன்று. சாமிநாதையரின் பெருவிருப்பம் என்று நாம் எதைச் சொல்கிறோமோ, ஏட்டுச் சுவடிகளைத் தேடித் தொகுத்துப் பாடம் ஒப்பிட்டுப் பதிப்பிக்கும் அந்த ஆர்வம், 1880-க்கு முன் அவருள் இல்லை. ஸ்டிராங்கின் வினாத்தாள் அவர் கையில் கொடுக்கப்பட்டிருந்தாலும் அது வெளிப்பட்டிராது. ஏனெனில் அவ்வினாத்தாளில் எழுதத்தக்க பெயரே அந்த வேலைக்கு அப்போது இல்லை. கல்லூரிப் பதவி அவரைக் கும்பகோணத்தில் கொண்டு நிறுத்தியது. ஓர் அதிகாரியின் கேள்வி அவர் முன் ஒரு பொருளை வைத்தது. அப்பொருளோடு போராடிய கஷ்டத்திலேயே விருப்பம் விளைந்தது. விருப்பம் என்பது மனத்தினுள் புதைந்துகிடக்கும் திரவியம் அன்று. மனிதனுக்கும் ஒரு குறிப்பிட்ட பொருளுக்கும் இடையே பழக்கத்தால் உண்டாகும் சம்பந்தம். கண்ணில் படாத பொருளின்மேல் எவ்வாறு ஒருவன் ஆசை வைப்பான்?

தொழிலும் விருப்பமும் ஒன்றாகியே தீரவேண்டும் என்பதற்கும் ஆதாரம் இல்லை. யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் 1832-இல் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை, சென்னையில் அரசாங்கக் கணக்குத் துறையிலும், பின்னர் வக்கீல் தொழிலிலும், புதுக்கோட்டையில் நீதிபதி ஸ்தானத்திலும் இருந்தவர். அவருடைய ஜீவனம் ஏடுகளால் நடக்கவில்லை. எனினும் வீரசோழியமும், தொல்காப்பியப் பொருளதிகாரமும், கலித்தொகையும் அச்சில் வந்தது அவரால்.

ஆயினும் என் முடிபுக்கு எதிராக வலிய சாட்சி ஒருவர் இருக்கிறார். அவரை மறைத்துவிட்டு மேலே செல்வது நேர்மையாகாது. சிந்தாமணி வெளிவந்த அதே 1887-இல் பிறந்த சீனிவாச இராமாநுஜனுக்குக் கணிதத்தில் இருந்த வேட்கை எந்த உத்தியோகத்தாலும் உண்டானது அன்று. பள்ளிப் பருவத்திலேயே அது அவரை முழுமையாக ஆட்கொண்டுவிட்டது. ஆகவே முன்கூட்டியே பூரணமாக அமையும் விருப்பமும் உலகில் உண்டு என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அத்தகையவருக்குத் தன்னை அறியுமாறு உபதேசிப்பது வீண். தாம் விரும்புவது இன்னது என்பதில் இராமாநுஜனுக்கு ஒருநாளும் சந்தேகம் இருந்ததில்லை. அவருக்கு இல்லாதது இடம். கும்பகோணம் கல்லூரியில் 1904-இல் சேர்ந்த அவர், கணிதம் ஒழிந்த மற்றப் பாடங்களைக் கவனியாததால் உபகாரச் சம்பளத்தை இழந்தார். பின்பு சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் பயின்றும் எப். ஏ. பரீட்சையில் தேறவில்லை. 1912 மார்ச்சு மாதத்தில் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் கணக்குக் குமாஸ்தாவாக அமர்ந்தார்.

இந்தக் குமாஸ்தா வேலையை அவருக்கு நேர்ந்த அவமானமாகச் சித்திரிப்பது வழக்கம். எனக்கு அது பாதி உண்மையாகவே படுகிறது. அவ்வேலைக்கும் எண்களின் கோட்பாட்டுக்கும் பொருத்தம் ஏதும் இல்லை. ஆனால் அங்கே மேலாளராக இருந்த நாராயண ஐயர் கணிதம் கற்றவர்; மாலை வேளைகளில் பலகையும் கையுமாக இருவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். தலைவராக இருந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் அவருடைய திறமையை மதித்து ஆதரித்தார். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில், இராமாநுஜன் தம்மை அந்த அலுவலகத்துக் குமாஸ்தா என்றே அறிமுகம் செய்துகொண்டார். அவ்வாண்டிலேயே சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கியது.

ஆகவே இளைஞன் தன் அகத்தை எவ்வளவு ஆழமாகத் துழாவினான் என்பதைக் காட்டிலும், அவன் புகுந்த இடம் அவன் கண் முன் எதை வைத்தது, எவ்வளவு அவகாசம் விட்டது என்பதே ஆராயத்தக்கது. கும்பகோணம் கல்லூரி இதற்கு இருபக்கச் சாட்சி. இருபத்து மூன்று ஆண்டுகள் அங்கே பணிபுரிந்த சாமிநாதையருக்கு அது நிலையான சம்பளமும், ஏடு தேடிப் பயணம் போவதற்கும் சென்னையில் தங்கி அச்சு வேலையைக் கவனிப்பதற்கும் விடுமுறையும் கொடுத்தது. மடத்தில் அவர் அறியாத ஒரு விருப்பம் அந்நிழலில் வளர்ந்தது. 1903-இல் அவர் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றலாகிச் சென்றார். அடுத்த ஆண்டு அதே கும்பகோணம் கல்லூரியினுள், விருப்பத்தை முழுதாகக் கையில் ஏந்திக்கொண்டு ஒரு மாணவன் நுழைந்தான். அதைக் கொள்வதற்கு அங்கே இருந்த பரீட்சை விதிகளில் ஓர் இடமும் இல்லை. அவ்விடத்தை அவனுக்குத் தந்தது, கப்பல் சரக்குக் கணக்கு எழுதும் ஓர் அலுவலகம்.