போகியில் எரிக்கும் முன் ஒரு தடவை புரட்டிப் பாருங்கள்

மார்கழி முடியப் போகிறது. வீட்டைக் கழுவி, பரணைத் துடைத்து, வேண்டாததைப் போகியன்று எரிக்கத் தயாராக இருப்பீர்கள். அதற்கு முன்னால் ஒரு வரலாற்றுப் பாடம். பரீட்சை கிடையாது, பயப்படாமல் படியுங்கள்.

சுவீடன் நாட்டில் டிசம்பர் 13 லூசியா திருநாள். பெண் பிள்ளைகள் வெள்ளை உடுத்தி, தலையில் மெழுகுவத்திக் கிரீடம் வைத்து விடிகாலையில் பாடி வருவார்கள். கிறிஸ்துமஸுக்கு அரிசியில் பால் கஞ்சி காய்ச்சி, அதில் ஒரே ஒரு பாதாம் பருப்பை ஒளித்து வைப்பார்கள். வீட்டைக் காக்கும் குட்டித் தெய்வத்துக்கும் ஒரு கிண்ணம் கஞ்சி வெளியே வைக்கும் வழக்கம் உண்டு. ஜனவரி 13-ஆம் தேதி மரத்தின் அலங்காரத்தைக் கழற்றி, மரத்தை வெளியே போட்டுவிட்டால் பண்டிகை முடிந்தது. ஏறக்குறைய நம் போகி வருகிற அதே நாள்!

இன்னொரு ஒற்றுமையும் உண்டு. பழைய ஜூலியன் நாட்காட்டியில் டிசம்பர் 13-ஐ ஒட்டித்தான் ஆண்டின் மிக நீண்ட இரவு வந்தது. 1753-இல் சுவீடன் புது நாட்காட்டிக்கு மாறியது. லூசியா மட்டும் பழைய தேதியிலேயே நின்றுவிட்டது. நாமும் தை முதல் நாளைத்தான் உத்தராயணம் என்கிறோம். வானத்தில் சூரியன் வடக்கே திரும்புவதோ டிசம்பர் 21, 22-இல். பூமியின் அச்சு மெல்லச் சுழல்வதால் சுமார் 72 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் விலகி வந்த கணக்கு இது. நாள் நகர்ந்தாலும் வழக்கத்தை இரண்டு ஊர்க்காரர்களும் விடவில்லை.

சுவீடன் நமக்கு முற்றிலும் அந்நியமும் அல்ல. 1874-இல் தொடங்கிய சுவீடன் திருச்சபை மிஷன் தமிழ்நாட்டில் வேலை செய்தது. முதல் உலகப் போரில் ஜெர்மன் பாதிரியார்கள் வெளியேற நேர்ந்தபோது, அவர்கள் விட்ட பணியைச் சுவீடன்காரர்கள் ஏற்றார்கள். சிவகங்கைச் சீமைத் திருப்பத்தூரில் 'சுவீடன் மிஷன் ஆஸ்பத்திரி' என்றால் இன்றும் வழி காட்டுவார்கள்.

அந்த நாட்டு வீடுகளில் பண்டிகையை ஆல்பத்தில் ஒட்டி வைக்கும் பழக்கம் உண்டு. வாழ்த்து அட்டை, பளபளப்பான சிறு படங்கள், பாட்டி கைப்பட எழுதிய பலகாரக் குறிப்பு எல்லாம் அதில் ஏறும். ஜென்னி நைஸ்ட்ரோம் (1854–1946) என்ற ஓவியர் வாழ்த்து அட்டைகளில் வரைந்த சிவப்புக் குல்லாய்க் குட்டித் தெய்வம் இப்படித்தான் வீட்டுக்கு வீடு பத்திரமாக இருக்கிறது.

"நம்மிடம் அப்படி என்ன இருக்கிறது?" என்று கேட்பீர்கள். இருக்கிறது, நிறையவே இருக்கிறது. அம்மாவின் கோல நோட்டை எடுத்துப் பாருங்கள். 15 புள்ளி 8 வரிசை, இடைப்புள்ளி, நேர்ப்புள்ளி என்று பென்சிலில் எழுதி, வார இதழில் வந்த பொங்கல் கோலத்தை வெட்டி ஒட்டியிருப்பார். மொய் நோட்டை எடுங்கள். ஊர், பேர், தொகை என்று வரிசையாக இருக்கும். எந்த ஊரோடு நமக்குக் கொடுக்கல் வாங்கல் இருந்தது, அந்தக் காலத்தில் ஐந்து ரூபாய்க்கு என்ன மதிப்பு, யார் யாரோடு உறவு விட்டுப்போனது என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. பெண்ணுக்குப் பொங்கல் சீர் அனுப்பிய கணக்கு, தறிக்கூலிக் கணக்கு, மழை பொய்த்த வருசத்தில் வாங்கிய கடன் இவையும் சரித்திரமே. கரிசல் காட்டுச் சம்சாரிக்கும் தறி நெய்தவருக்கும் யாரும் கல்வெட்டு வெட்டி வைக்கவில்லை. அவர்கள் எழுதி வைத்தது இந்த நோட்டுகளில் மட்டும்தான்.

ஒரு துண்டுத் தாள் என்ன செய்யும் என்பதற்கு நம் திருச்சுழியே சாட்சி. 1879 டிசம்பர் 30, ஆருத்ரா தரிசன வேளையில் அங்கே பிறந்த வேங்கடராமன், 1896 ஆகஸ்ட் 29 அன்று மதுரையில் வீட்டை விட்டுக் கிளம்பினார். அண்ணனின் கல்லூரிச் சம்பளத்துக்கென்று கிடைத்த ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு, மீதி இரண்டு ரூபாயோடு ஒரு சிறு கடிதம் வைத்தார். கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடு. ரமண மகரிஷியின் வரலாறு எழுதியவர்கள் எல்லாரும் அந்தத் தாளுக்கு வந்தே ஆக வேண்டும். அன்றைக்குக் குப்பையோடு போயிருந்தால்?

எரிந்து போனவையும் உண்டு. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் ஏடு தேடிப் போன உ.வே.சாமிநாதையருக்கு, பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தில் போட்டுவிட்டதாகப் பதில் கிடைத்தது. 'என் சரித்திரம்' நூலில் அவரே இதை எழுதியிருக்கிறார். அந்த ஏடுகளில் என்ன நூல்கள் இருந்தன என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

ஆகவே ஆசிரியர் கொடுக்கும் வீட்டுப்பாடம் இது:

1. போகிக்கு முன் பழைய தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டுங்கள். கையெழுத்து உள்ளதை எரிக்காதீர்கள்.

2. போட்டோவின் பின்னால் யார், எந்த ஊர், எந்த வருசம் என்று பென்சிலில் மெதுவாக எழுதுங்கள். பேனா வேண்டாம், மை ஊறும்.

3. பழந்தாளை லேமினேட் செய்யாதீர்கள். செல்லில் படம் எடுத்துக்கொண்டு, தாளை ஈரம் படாத பெட்டியில் வையுங்கள்.

4. புதிதாக ஒரு நோட்டு வாங்குங்கள். இந்தப் பொங்கலுக்குக் காப்புக் கட்டக் கூரைப்பூவும் ஆவாரம்பூவும் வேப்பிலையும் எங்கே பறித்தீர்கள், பனங்கிழங்கு எந்த ஊரிலிருந்து வந்தது, வாசலில் போட்ட கோலம் எது என்று எழுதுங்கள். ஒரு படம் ஒட்டுங்கள்.

5. காணும் பொங்கலன்று வீட்டில் மூத்த பெண்மணியிடம் உட்கார்ந்து, அவர் சின்ன வயதில் பொங்கல் எப்படி நடந்தது என்று கேட்டு, அவர் சொல்லும் பேச்சிலேயே எழுதுங்கள்.

சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற பிள்ளைகள் ஊருக்கு ஒரு போன் போட்டு, பரணில் இருக்கிற நோட்டுகளைத் தனியே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். அந்த வேலை இன்றைக்கே நடக்கட்டும். அனைவருக்கும் பொங்கல் வாழ்த்துகள்.