கைக்குள் போன திரை மறுபடி கூடத்துக்கு வந்த கதை

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

பொங்கலுக்குத் தங்கச்சி குடும்பத்தோடு களக்காட்டுக்கு வந்திருந்தாள். சித்தப்பா மகனும் வந்திருந்தான். மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும், தன் பேத்தியின் காதுகுத்துப் படங்களைத் தங்கச்சி காட்டத் தொடங்கினாள். போன் கைமாறிக் கைமாறிப் போனது. கண்ணாடி போட்டவர்கள் தூரத்தில் பிடித்தார்கள், போடாதவர்கள் மூக்குக்கு நேரே பிடித்தார்கள். பேரன் பார்த்தான். "ஆச்சி, அதத் தாத்தாவுக்கு அனுப்புங்க. நான் டிவில போடுதேன்" என்றான்.

என் போனை வாங்கி இரண்டு தட்டுத் தட்டினான். கூடத்தில் இருந்த 43 அங்குல டிவியில் குழந்தை காது குத்திக்கொண்டு அழுதது. அத்தனை பேரும் ஒரே பக்கம் திரும்பி உட்கார்ந்தோம். அந்த நேரம் பார்த்து, என்னோடு வேலை பார்த்த ஒரு வாத்தியார் அனுப்பிய செய்தி திரையின் மேலே வந்து நின்றது. "விருந்தாளியெல்லாம் கிளம்பியாச்சா சார்? எப்ப வாக்கிங் வாரீங்க?"

சித்தப்பா மகன் வாய்விட்டுப் படித்தான். "என்னண்ணே, நாங்க கிளம்பிரட்டுமா?" என்று கேட்டான். வீடே சிரித்தது. நானும் சிரித்தேன், வேறு வழி?

அன்று ராத்திரி இதையே யோசித்துக்கொண்டு படுத்திருந்தேன். வாழ்நாளெல்லாம் பிள்ளைகளுக்கு வரலாறு நடத்தியவன் நான். நம் தெருவில் திரை வந்த வரலாற்றை இதுவரை எழுதியதில்லை. இப்போது எழுதுகிறேன்.

திரை நமக்குப் புதிதல்ல. தோல்பாவைக்கூத்து நம் நெல்லை, குமரிப் பக்கம் ஊர் ஊராக வந்துகொண்டிருந்தது. ஒரு வெள்ளைத் துணி, அதற்குப் பின்னால் ஒரு விளக்கு, முன்னால் ஊர். பிறகு டூரிங் டாக்கீஸ் வந்தது. திருச்சியில் ரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-ல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படம் காட்டும் கருவியை வாங்கி, கூடாரம் போட்டு ஊர் ஊராகக் காட்டிய கதை பலருக்கும் தெரியும். துணியானாலும் கூடாரமானாலும் திரை ஒன்றுதான், பார்ப்பவர்கள் பலர்.

தொலைக்காட்சியையும் முதலில் அரசாங்கம் அப்படித்தான் நினைத்தது. 1959 செப்டம்பர் 15-ல் டெல்லியில் சோதனை ஒளிபரப்புத் தொடங்கியது. 1975 ஆகஸ்டில், அமெரிக்க செயற்கைக்கோள் ஒன்றின் உதவியோடு ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்கு ஓராண்டு நிகழ்ச்சி அனுப்பினார்கள். ஊருக்கு ஒரு பெட்டி, அதன் முன்னால் ஊர் ஜனம். அந்த ஆறில் தமிழ்நாடு இல்லை. அதே 1975 ஆகஸ்ட் 15-ல் சென்னைத் தொலைக்காட்சி தொடங்கியது. ஆனால் சென்னைக் கோபுரத்தின் அலை எங்கே, களக்காடு எங்கே! நமக்குப் பூங்காவில் கட்டியிருந்த பஞ்சாயத்து ரேடியோதான்.

நம் ஊருக்கு டிவி சென்னையிலிருந்து வரவில்லை, கடல் தாண்டி வந்தது. இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். இலங்கையில் ரூபவாஹினி 1982 பிப்ரவரி 15-ல் தொடங்கியது. அந்த நாட்டின் மிக உயரமான பீதுருதாலகால மலை உச்சியில் ஒளிபரப்புக் கோபுரம் வைத்தார்கள். அங்கிருந்து களக்காட்டுக்குக் கிட்டத்தட்ட 400 கிலோமீட்டர். திருவனந்தபுரமோ நேர்கோட்டில் 70 கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் நடுவில் நம் மேற்கு மலை நிற்கிறது. டிவி அலை பெரும்பாலும் நேராகப் போகிற அலை. மேற்கே மலை மறைத்தது, கிழக்கே சமவெளியும் கடலும் திறந்து கிடந்தன. அதனால் பக்கத்து ஊர் தெரியவில்லை, அடுத்த நாடு தெரிந்தது.

அப்போது நான் பாளையங்கோட்டையில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கத்தில் வசதியான ஒரு வீட்டில் கறுப்பு வெள்ளை டிவி வாங்கினார்கள். மாடிக்கு மேலே பனை உயரத்துக்குக் குழாய் நட்டு, உச்சியில் ஆன்டெனா. மேலே ஒருவர் குழாயைத் திருப்புவார், முற்றத்தில் ஒருவர் நிற்பார், உள்ளே ஒருவர் திரையைப் பார்ப்பார்.

"தெரியுதா?"

"கோடு கோடா வருது."

"இப்ப?"

"ஆங்... அப்படியே வுட்டுரு!"

சிங்களம் புரியாது, ஆங்கிலம் பாதி புரியும், தமிழ் வந்தால் கொண்டாட்டம். காற்று மாறினால் படம் போய்விடும். இருந்தாலும் கூட்டம் கூடியது. அந்தக் கூட்டத்துக்கு ஒரு ஒழுங்கு இருந்தது. இன்னார் கூடத்தில், இன்னார் திண்ணையில், இன்னார் தெருவில் என்று யாரும் எழுதி ஒட்டவில்லை. ஆனால் அவரவர் இடம் அவரவருக்குத் தெரியும். எங்களுக்கு ஜன்னல்.

தங்கச்சிக்கு அப்போது பத்து வயது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நுனிக்காலில் நின்று பார்ப்பாள். ஒரு நாள் சாயங்காலம் அந்த வீட்டுக்காரம்மா எழுந்து வந்தார்கள். "வெளிச்சம் அடிக்கி" என்று சொல்லி ஜன்னலைச் சாத்தினார்கள். கோபமாகச் சொல்லவில்லை. வெளிச்சம் அடித்ததும் உண்மைதான். தங்கச்சி வீட்டுக்கு வருகிற வழி முழுக்கப் பேசவில்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டுப் பக்கம் அவள் போகவே இல்லை.

அதன்பின் எல்லாம் வேகமாக மாறியது. 1982-ல் ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி தூர்தர்ஷனுக்கு வண்ணம் வந்தது. கொடைக்கானல் மலையில் கோபுரம் வந்தபின் தென் மாவட்டங்களுக்கும் சென்னை நிகழ்ச்சி தெரிந்தது. கோயில் கொடை என்றால் வாடகைக்கு டிவியும் டெக்கும் எடுத்து, நடுத்தெருவில் மேஜை போட்டு விடிய விடிய மூன்று படம். அங்கே ஜன்னல் கிடையாது. மணலில் யாரும் உட்காரலாம். ஆனாலும் யார் எந்த ஓரத்தில் உட்கார்ந்தார்கள் என்பது எனக்கு நினைவிருக்கிறது.

1993 ஏப்ரல் 14-ல் சன் டிவி வந்தது. கேபிள் வயர் தெருத் தெருவாக ஓடியது. 2006 செப்டம்பரில் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தைத் தொடங்கியது. ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு 14 அங்குலப் பெட்டி போய்ச் சேர்ந்தது. அந்தத் திட்டத்தைப் பற்றி ஆயிரம் விமர்சனம் உண்டு. ஜன்னலுக்கு வெளியே நின்ற வீட்டிலிருந்து வந்தவன் என்பதால் ஒன்று மட்டும் சொல்வேன். அதன்பின் எந்தப் பிள்ளையும் டிவி பார்க்க இன்னொருவர் வீட்டு ஜன்னலில் போய் நிற்கவில்லை.

பிறகு திரை சட்டைப்பைக்குள் போனது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபின் டேட்டா மலிந்தது. ஒரே கூடத்தில் ஐந்து பேர், ஐந்து திரை. யாருக்கும் யாரோடும் சண்டையில்லை, பேச்சும் இல்லை.

கைக்குள் போன இந்தத் திரையை மறுபடி சுவருக்குக் கொண்டுவருகிற வழியைத்தான் பேரன் அன்று காட்டினான். இதற்கும் ஒரு சின்ன வரலாறு உண்டு. முதலில் வயர் போட்டு இணைத்தார்கள். 2011-ல் ஆப்பிள் தன் ஐபோன் திரை முழுவதையும் வயர் இல்லாமல் டிவிக்கு அனுப்பும் வசதியைக் கொண்டுவந்தது. 2012 செப்டம்பரில் வைஃபை அலையன்ஸ் என்ற அமைப்பு மிராகாஸ்ட் என்ற பொதுவான முறையை அறிவித்தது. வேறு வேறு கம்பெனிகளின் போனும் டிவியும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள அது வழி செய்தது. 2013 ஜூலையில் கூகுள் 35 டாலருக்குக் குரோம்காஸ்ட் என்ற சின்னக் கருவியை விற்பனைக்கு விட்டது.

இதில் இரண்டு வகை இருப்பதைப் பலரும் கவனிப்பதில்லை. மிரரிங் என்றால் கண்ணாடி. போன் தன் திரையைத் தானே விநாடிக்குப் பலமுறை படம் பிடித்து, சுருக்கி, வைஃபை அலையில் அனுப்புகிறது. டிவி அதை விரித்துக் காட்டுகிறது. அதனால்தான் டிவியில் படம் ஒரு நொடிப்பொழுது பிந்தி வருகிறது. மிராகாஸ்ட் முறையில் போனும் டிவியும் நேரடியாக இணைவதால், போனில் சேமித்து வைத்ததைக் காட்ட இன்டர்நெட்டே வேண்டாம். ஆனால் கண்ணாடிக்கு எதையும் மறைக்கத் தெரியாது. வருகிற செய்தி, ஓடிபி எல்லாம் ஊருக்குத் தெரியும்.

காஸ்ட் என்பது வேறு. போன் விலாசத்தை மட்டும் சொல்கிறது, டிவியே இன்டர்நெட்டில் போய் அந்த வீடியோவை எடுத்து ஓட்டுகிறது. உங்கள் வாட்ஸ்அப் செய்தி டிவிக்குப் போகாது. நான் மாட்டிக்கொண்டது கண்ணாடியில். இனி மிரரிங் போடுமுன் போனை "தொந்தரவு செய்யாதே" நிலையில் வையுங்கள்.

என் வயதுக்காரர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் திரையை உங்கள் வீட்டு டிவிக்குக் காட்டுங்கள். பேங்கிலிருந்து பேசுகிறேன் என்று போனில் ஒருவன் சொல்வதைக் கேட்டு, ஏதோ ஒரு செயலியை இறக்கி அவனுக்குக் காட்டாதீர்கள். இப்படித் திரையைப் பார்த்துப் பணம் திருடும் மோசடி பற்றி ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்தது. அவனுக்கு நீங்கள் கொடுப்பதும் இதே கண்ணாடிதான்.

இனி நான் சொல்ல வந்த விஷயம்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்தன. 2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியில் பாடம் வந்தது. நேரத்துக்கு உட்கார முடியாதவர்கள் யூடியூபில் பார்க்கலாம். நான் அப்போது பணியில் இருந்தேன். எங்கள் பின்தெருவில் ஒரு பையன், ஏழாம் வகுப்பு. அவன் அப்பா வாழைத்தார் வெட்டுகிற வேலைக்குப் போகிறவர். வீட்டில் இருந்த ஒரே போன் விடியுமுன்னே அவரோடு போய்விடும். ராத்திரி வந்தபின் அந்தக் கையகலத் திரையில் பையனும் அக்காவும் பாடம் பார்ப்பார்கள். இலவச டிவி இருந்தது, கேபிளுக்குப் பணம் கட்டவில்லை. அந்தப் பெட்டிக்கு வைஃபை தெரியாது. போனில் இருக்கும் பாடம் பக்கத்தில் இருக்கும் டிவிக்கு ஏறவில்லை.

"சார், கணக்குல எழுத்தே தெரியல" என்றான்.

என்னிடம் முந்தின வருஷம் வாங்கிய ஸ்மார்ட் டிவி இருந்தது. ஆனால் கொரோனா காலம், பிள்ளைகளை வீட்டுக்குள் கூட்ட முடியாது. என் மனைவிதான் யோசனை சொன்னாள். டிவியை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்தோம். ஜன்னலுக்கு வெளியே வேப்பமர நிழல். ஐந்து பிள்ளைகள், முகக்கவசம் போட்டு, தள்ளித் தள்ளி உட்கார்ந்தார்கள். பாடத்தைப் போனில் இறக்கி மிரரிங் போட்டேன். சந்தேகம் கேட்டால் நிறுத்தி விளக்கினேன். இரண்டு மாதத்துக்கும் மேல் நடந்தது. பெரிய சாதனை என்று சொல்லவில்லை. அந்தப் பையனுக்குப் பின்னம் புரிந்தது, அவ்வளவுதான்.

அந்த நாட்களில் ஒரு சாயங்காலம் தங்கச்சி போனில் பேசினாள். இப்படி இப்படி, ஜன்னல் வழியாப் பாடம் நடக்கு என்று சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"வெளிச்சம் அடிச்சாலும் சாத்திராதண்ணே" என்றாள்.

நாற்பது வருஷம் கழித்து அதை அவள் சொன்னபோதுதான், அவள் மறக்கவில்லை என்பது எனக்குத் தெரிந்தது.

உங்கள் தெருவில் முதல் டிவி யார் வீட்டில் வந்தது? நீங்கள் எங்கே உட்கார்ந்து பார்த்தீர்கள்? கூடத்திலா, திண்ணையிலா, ஜன்னலிலா? நேரம் கிடைத்தால் எழுதுங்கள். எல்லாவற்றையும் படிப்பேன்.