மண் தட்டில் ஐஸ் எடுத்தவர்களும் நம் வீட்டுக் கோழித் தண்ணீரும்



பனி கொட்டுகிற நாடுகளில் குளிர்காலம் வந்துவிட்டால் கோழி வளர்ப்பவர்களுக்கு ஒரு பெரிய தொல்லை. ராத்திரி வைத்த தண்ணீர் விடியும்போது கல்லாக உறைந்து கிடக்கும். கோழி வந்து கொத்திப் பார்க்கும், ஐஸ்தான் அலகில் தட்டும்.

"விழுப்புரத்திலேயும் திண்டிவனத்திலேயும் ஏதய்யா பனிக்கட்டி? மார்கழியில வாசல் தெளிக்கிற கை கொஞ்சம் விறைக்கும், அவ்வளவுதானே?" என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. வாஸ்தவம். நம்ம தொல்லை நேர்மாறானது. கத்திரி வெயிலில் வாசலில் வைத்த அலுமினியத் தட்டில் நடுப்பகலில் விரலை வையுங்கள். சுரீர் என்று சுடும். ஆனால் கோழிக்கு இரண்டும் ஒன்றுதான். கண் முன்னால் தண்ணீர் இருக்கிறது, குடிக்க முடியவில்லை. ஒரு சின்ன மண் தட்டை வைத்துக்கொண்டு தண்ணீரை உறைய வைக்கவும், குளிர வைக்கவும் மனிதன் கற்ற கதை நம் நாட்டிலேயே நடந்த கதை. அந்தக் கதையில் இரண்டு தொல்லைக்கும் வழி இருக்கிறது.

முதலில் கோழியைப் பற்றி இரண்டு வார்த்தை. கோழியின் உடம்புச் சூடு 41 டிகிரிக்கு மேல். நமக்கு அந்தச் சூடு வந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடுவோம். அதற்கு வியர்வை கிடையாது. வெயில் ஏறினால் அலகைத் திறந்து, இறக்கையை விரித்து மூச்சிரைக்கும். அந்த மூச்சோடு உடம்புத் தண்ணீர் ஆவியாகப் போகிறது, சூடும் கூடப் போகிறது. போன தண்ணீரைத் திரும்பக் குடித்தால்தான் உயிர் நிற்கும். சாதாரண நாளில் தின்கிற தீனியைப் போல ஏறத்தாழ இரண்டு பங்கு எடை தண்ணீர் குடிக்கும். கடும் வெயிலில் நான்கு பங்குகூடப் போகும். தண்ணீர் உடம்புச் சூட்டுக்குக் கிட்டத்தில் வந்துவிட்டால் குடிப்பதைக் குறைத்துக்கொள்ளும். குடிப்பது குறைந்தால் தின்பது குறையும். ஓட்டை நீக்கிவிட்டுப் பார்த்தால் முட்டையில் முக்கால் பங்கு தண்ணீர்தானே? ஒரு நாள் தண்ணீர் தவறினால் முட்டை குறைவது பல நாள் நீளும். வீட்டுப் பெண்களின் சிறுவாட்டுக் காசில் இப்படித்தான் ஓட்டை விழுகிறது. சித்திரையில் கோழி சுருண்டு விழுந்தால் "கண் பட்டுடுச்சு" என்கிறோம். தட்டைத் தொட்டுப் பார்க்கிறோமா?

கோழித் தண்ணீரைப் பற்றி யோசித்தவர்கள் இன்று நேற்று தோன்றியவர்கள் அல்லர். ரோமாபுரியில் கொலுமெல்லா என்று ஒருவர் இருந்தார். கி.பி. முதல் நூற்றாண்டில் வேளாண்மை பற்றிப் பன்னிரண்டு புத்தகம் எழுதியவர். எட்டாவது புத்தகத்தில் கோழி வளர்ப்பு வருகிறது. தண்ணீர்த் தொட்டியைத் திறந்து வைக்காதே, மூடி போடு, பக்கவாட்டில் கோழித் தலை நுழைகிற அளவுக்கு மட்டும் துளை விடு என்று அதில் சொல்லியிருக்கிறார். திறந்து வைத்தால் கோழி காலால் மிதித்து அசிங்கப்படுத்திவிடும் என்பது அவர் கண்ட அனுபவம். அதே முதல் நூற்றாண்டில் ரோமாபுரிச் சரக்கு நம்ம பக்கத்தில் புதுச்சேரிக்குத் தெற்கே அரிக்கமேட்டில் வந்து இறங்கிக்கொண்டிருந்தது. 1945இல் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டியபோது ரோமானிய மண்பாண்டத் துண்டுகள் கிடைத்தன. சாராய ஜாடி வந்தது. கோழித்தொட்டி யோசனை கூட வந்ததா என்று கேட்காதீர்கள்! ஆனால் அந்த மூடித் தொட்டியை இன்றைக்கும் ஒரு பழைய பானையில் பக்கத் துளை போட்டுச் செய்துகொள்ளலாம்.

இனி ஐஸ் கதைக்கு வருவோம்.

1775இல் சர் ராபர்ட் பார்க்கர் என்ற ஆங்கிலேயப் படைத்தலைவர், இந்தியாவில் ஐஸ் செய்யும் முறையைப் பற்றி லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதி அனுப்பினார். அவர் பார்த்தது அலகாபாத்தில். அங்கே குளத்திலோ குட்டையிலோ தண்ணீர் தானாக உறைந்து அவர் கண்டதில்லை. ஆனாலும் ஐஸ் எடுக்கிறார்கள்! எப்படி?

திறந்த வெட்டவெளியில் முப்பது அடிச் சதுரத்தில் இரண்டடி ஆழத்துக்குப் பள்ளம் எடுப்பார்கள். அடியில் காய்ந்த கரும்புத் தட்டையோ சோளத்தட்டையோ முக்கால் அடி, ஒரு அடி கனத்துக்குப் பரப்புவார்கள். அதன்மேல் சின்னச் சின்ன மண் தட்டுகளை வரிசையாக அடுக்குவார்கள். ஒன்றேகால் அங்குல ஆழம், கால் அங்குல கனம், மெருகு பூசாத வெறும் மண். பொழுது சாய்கிற நேரத்தில், காய்ச்சி ஆறிய தண்ணீரை அந்தத் தட்டுகளில் ஊற்றி வைத்துவிட்டுப் போவார்கள். விடிவதற்கு முன்னால் கூடையோடு வந்து தட்டில் படிந்த ஐஸைச் சேகரித்து, வைக்கோலும் கம்பளியும் போர்த்திய குழியில் கொட்டி அமுக்கி வைப்பார்கள். கோடையில் அதை எடுத்து சர்பத் குளிர வைப்பார்கள். பள்ளம் வெட்டியவர், தட்டு வனைந்த குயவர், விடியலில் கை விறைக்க ஐஸ் பொறுக்கியவர் பெயரெல்லாம் யாரும் எழுதி வைக்கவில்லை. பார்த்து எழுதியவர் பெயர்தான் நிற்கிறது.

காற்று அவ்வளவு குளிராத இடத்தில் தண்ணீர் எப்படி உறைந்தது? இதைப் பல பேர் பலவிதமாகச் சொன்னார்கள். 1814இல் வில்லியம் சார்லஸ் வெல்ஸ் என்ற மருத்துவர் பனித்துளியைப் பற்றி ஒரு நூல் எழுதினார். வங்காளத்து ஐஸையும் அதில் எடுத்துக்கொண்டு விளக்கினார். மேகமில்லாத இரவில் தரையிலுள்ள பொருள்கள் தங்கள் சூட்டை ஆகாயத்தை நோக்கி விட்டுவிடுகின்றன. அதனால் சுற்றியுள்ள காற்றைவிடவும் அதிகமாகக் குளிர்ந்துபோகின்றன. தட்டையடியில் இருந்த தட்டை, பூமியின் சூடு மேலே வராமல் தடுத்துவிட்டது. தட்டு திறந்த வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஐஸ் விழுந்தது.

இது நமக்குத் தெரியாத சங்கதியா? மார்கழி விடியலில் மணிலாக் கொல்லைக்குப் போய்ப் பாருங்கள். வெட்டவெளிச் செடி இலையெல்லாம் பனி சொட்டும். கரையில் இருக்கிற புளியமரத்தடியில் புல் அத்தனை நனைந்திருக்காது. மரம் வானத்தை மறைத்துவிட்டது. அவ்வளவுதான் ரகசியம். நம்ம பக்கம் தை மாத ராத்திரியிலும் 20 டிகிரிக்குப் பக்கத்தில் சூடு நின்றுவிடுவதால் அலகாபாத் வித்தை இங்கே பலிக்காது.

அந்தத் தொழிலுக்குப் போட்டி கப்பலில் வந்தது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்திலிருந்து பிரெடரிக் டியூடர் என்ற வியாபாரி ஏரியில் உறைந்த ஐஸை வெட்டி, மரத்தூளில் பொதிந்து 1833இல் கல்கத்தாவுக்கு அனுப்பினார். சென்னையில் 1842இல் அந்த ஐஸுக்கென்றே கடற்கரையில் வட்டக் கட்டடம் கட்டினார்கள். இன்றைக்கு விவேகானந்தர் இல்லம் என்கிறோமே, அதுதான். அந்தப் பேட்டைக்கு ஐஸ்ஹவுஸ் என்ற பேர் இன்னும் போகவில்லை. பிறகு ஐஸ் செய்யும் இயந்திரம் வந்தது, கப்பல் ஐஸும் போயிற்று.

அலகாபாத்துக்காரர் ஐஸ் வேண்டும் என்று செய்ததையெல்லாம் தலைகீழாகச் செய்தால் ஐஸ் வராது, இல்லையா? நம்ம மாநிலத்திலேயே நீலகிரியில் தலைகுந்தா, சாண்டிநல்லா, அவலாஞ்சி போன்ற பள்ளத்தாக்குகளில் டிசம்பர், ஜனவரி விடியலில் புல்மேல் வெள்ளைத்துணி விரித்தாற்போல் உறைபனி விழுகிறது. நம்ம ஊர்ப் பிள்ளைகள் ராணுவத்தில் சேர்ந்து லடாக் வரைக்கும் போகிறார்கள். அங்கே லே நகரில் 1962இல் தொடங்கிய ராணுவ ஆராய்ச்சி நிலையம் கோழி வளர்ப்பையும் சோதித்து வந்திருக்கிறது. குளிர்காலத்தில் உறைநிலைக்கு வெகு கீழே போகிற இடம் அது. அங்கே கோழி வைத்தால் தண்ணீர்தான் முதல் கவலை.

அவர்கள் செய்ய வேண்டியது என்ன? அகலத் தட்டு வேண்டாம், ஆழமான பாத்திரம் வைக்க வேண்டும். வெட்டவெளியில் வைக்காமல் கூரைக்கு உள்ளே வைக்க வேண்டும். கொலுமெல்லா சொன்ன மூடி இங்கே இரட்டை வேலை செய்யும். பாத்திரத்துக்கு அடியில் வைக்கோல் போடாமல் தரையோடு தரையாக, பாதி புதைத்து வைத்தால் பூமிச் சூடு தாங்கும். தரையே உறைந்துபோகிற லடாக் மாதிரி இடத்துக்கு மட்டும் இது ஆகாது. அங்கே அடியிலும் உமி பொதிய வேண்டும். பக்கங்களில் எங்கேயும் உமி திணிக்கலாம். எல்லாவற்றையும்விட எளிய வழி ஒன்று உண்டு. கோழி இருட்டில் தண்ணீர் குடிக்காது. அந்தி சாய்ந்ததும் தண்ணீரைக் கொட்டிவிட்டு, விடிந்ததும் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றினால் முடிந்தது. அமெரிக்காவில் ஒரு காலத்தில் பாத்திரத்தின் கீழே மண்ணெண்ணெய் விளக்கு வைத்தார்கள், பிறகு மின்சாரச் சூடு வந்தது. கூரைக்கூண்டில் விளக்கு வைப்பது எனக்குப் பிடிக்காத வேலை. ஒரு பொறி போதும். உப்புப் போட்டால் தண்ணீர் சீக்கிரம் உறையாது என்பது உண்மைதான், ஆனால் உப்புத் தண்ணீர் கோழியைக் கொன்றுவிடும். பனி விழும் இடத்தில் மண்சட்டியும் ஆகாது. தண்ணீர் ஐஸாகும்போது பருத்து, சட்டியை வெடிக்க வைத்துவிடும். அங்கெல்லாம் ரப்பர் தொட்டி வைத்து, உறைந்தால் கவிழ்த்துத் தட்டிவிடுகிறார்கள்.

நமக்கோ அந்த மண்சட்டிதான் கைகண்ட மருந்து.

மரக்காணம் உப்பளத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பாத்தியில் தண்ணீரை மெல்லிசாகப் பரப்பினால் வெயிலும் காற்றும் சீக்கிரம் உறிஞ்சிக்கொண்டு போகின்றன. அப்படி ஆவியாகப் போகிற தண்ணீர் மிச்சத் தண்ணீரின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். மெருகில்லாத மண்பானை சுற்றுப்புறமெல்லாம் கசிந்து, கசிந்தது ஆவியாகி, உள்ளே இருப்பதைக் குளிர வைக்கிறது. ஆனி, ஆடியில் காய்ந்த மேல்காற்று அடிக்கும்போது இது நன்றாக வேலை செய்யும். கடற்கரைப் பக்கத்து ஈரக்காற்றில் கொஞ்சம் மந்தம்தான்.

நம் பாட்டிமார் உடைந்த பானையின் அடிப்பாகத்தில் தண்ணீர் ஊற்றி வேப்பமரத்தடியில் வைத்தார்கள். காசில்லாததால் வைத்தார்கள் என்று நினைத்தோம். வீட்டுக்கு அலுமினியம் வந்தது, அப்புறம் பிளாஸ்டிக் வந்தது. பானை ஓடு குப்பைக்குப் போயிற்று. இது நாகரிகத்தால் நமக்கு வந்த நஷ்டம் என்பேன். அலுமினியம் ஒரு நிமிஷத்தில் வெயிலை வாங்கித் தண்ணீரிடம் கொடுத்துவிடும். பிளாஸ்டிக்கில் கசிவே கிடையாது.

ஆகவே பத்துக் கோழி இருந்தால் இரண்டு மூன்று மண்சட்டி வாங்குங்கள். வில்லியனூர்ப் பக்கம் மண்பாண்டத்துக்குப் பேர்போன இடம், நம்ம சந்தைகளிலும் கிடைக்கும். நிழலில் கால்வாசி புதைத்து, சுற்றிலும் மணலைக் கொட்டி, மணலைக் காலை மாலை நனைத்து விடுங்கள். நிழல் நகரும் என்பதை மறக்கக்கூடாது. காலையில் நிழலாக இருந்த இடம் மதியம் மூன்று மணிக்கு வெயிலாகியிருக்கும். மேல்நிலைத் தொட்டிக் குழாயில் மத்தியானம் வருவது வெந்நீர், அதைப் பிடித்து அப்படியே ஊற்றாதீர்கள். சட்டியின் துளைகளைப் பாசியும் உப்பும் அடைத்துக்கொள்ளும். வாரம் இரண்டு தடவை தேங்காய் நாரால் தேய்த்துக் காய வையுங்கள். சோப்பு வேண்டாம். குஞ்சு இருந்தால் சட்டியில் கூழாங்கல் போடுங்கள், இல்லையென்றால் விழுந்து செத்துப்போகும்.

கோடைத் தண்ணீரில் இன்னொரு உயிர்க் காரியமும் இருக்கிறது. வெள்ளைக்கழிச்சல் வந்தால் தெருவே காலியாகிவிடும் என்பது உங்களுக்குத் தெரியும். ஜாவாவிலும் இங்கிலாந்தில் நியூகாசிலிலும் 1926இல் கண்ட அந்த நோயை நம் நாட்டில் 1928இல் குமாவுன் மலையிலுள்ள ராணிக்கெட்டில் கண்டார்கள், அதனால் ராணிக்கெட் நோய் என்று பேர். குளிர்காலத்தில் பனி விழுகிற ஊர் அது. அதே மலையில் முக்தேஸ்வர் ஆராய்ச்சி நிலையத்தில் 1940களில் தடுப்பூசி கண்டுபிடித்தார்கள். நம் மாநிலத்தில் 1932இல் தொடங்கிய ராணிப்பேட்டை கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் இதற்கு மருந்து செய்கிறது. லசோட்டா என்ற வகையைக் குடிநீரில் கலந்தும் கொடுக்கலாம். அந்த மருந்தில் இருப்பது உயிருள்ள நுண்கிருமி. சூடான தண்ணீரில் கலந்தால் அது செத்துவிடும், குளோரின் போட்ட தண்ணீரிலும் செத்துவிடும். அப்புறம் கோழி குடித்தும் பயனில்லை.

அதனால் கிணற்றுத் தண்ணீரை முந்தின ராத்திரியே மண்பானையில் ஊற்றி வைத்துக்கொள்ளுங்கள். காலையில் கோழியைத் திறந்துவிடாமல், ஒன்றிரண்டு மணி நேரம் தாகத்தோடு வையுங்கள். லிட்டருக்கு 5 கிராம் கொழுப்பு நீக்கிய பால்பவுடரைக் கரைத்து, கால்நடை டாக்டர் சொல்லும் அளவில் மருந்தைக் கலந்து, வெயில் ஏறுமுன் வையுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் எல்லாக் கோழியும் குடித்துவிட வேண்டும். இந்த ஒரு வேளைக்கு மட்டும் மண்சட்டியில் வைக்காதீர்கள். மண் தண்ணீரை உறிஞ்சும், மருந்தும் அதோடு போகும். தகரமும் ஆகாது. சோப்பு வாசனை இல்லாமல் வெறும் தண்ணீரில் கழுவிய பிளாஸ்டிக் தட்டு நாலைந்து எடுத்து, பெட்டைக்கோழியும் குஞ்சும் சேவலிடம் இடி படாமல் குடிக்கும்படி தள்ளித் தள்ளி வையுங்கள்.