பாஸ்போர்ட் முகமும் பயணியின் முகமும்

பாஸ்போர்ட்டில் புகைப்படம் ஒட்டும் வழக்கம் முதல் உலகப் போரோடு வந்தது. அதற்கு முன்பு பயண ஆவணங்களில் முகம் சொற்களில்தான் இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் அமெரிக்கப் பாஸ்போர்ட்டில் வயது, உயரம், நெற்றி, கண், மூக்கு, வாய், மோவாய், தலைமுடி, நிறம் என்று வரிசையாக இடம் விட்டிருப்பார்கள். அங்கே எழுதப்பட்டவை பெரும்பாலும் ‘நடுத்தரம்’, ‘உருண்டை’ போன்ற சொற்கள். ஒரே ஊரில் பல பேருக்குப் பொருந்திவிடும். சென்னைத் துறைமுகத்திலிருந்து நேட்டாலுக்குக் கப்பலேறிய ஒப்பந்தக் கூலிகளின் அனுமதிச் சீட்டிலும் படம் கிடையாது. பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், உயரம் ஆகியவற்றோடு உடலிலுள்ள தழும்போ மச்சமோ குறிக்கப்பட்டது. தமிழ்நாட்டுப் பள்ளிச் சான்றிதழ்களில் வரும் ‘அங்க அடையாளங்கள்’ இந்த முறையைச் சேர்ந்தவைதான். இதற்கு ஒரு வலிமை உண்டு. முடி கொட்டினாலும், உடல் பெருத்தாலும், தாடி வளர்ந்தாலும் முழங்கைத் தழும்பு இருந்த இடத்திலேயே இருக்கும்.

ஆளை அடையாளம் காட்டும் படச்சீட்டு பணக்காரப் பயணிகளுக்கு முன்பே ஏழைகள் மீது சுமத்தப்பட்டது. மொரீஷியசில் கரும்புத் தோட்ட ஒப்பந்தம் முடிந்த இந்தியர்கள் ‘பழைய குடியேறிகள்’ எனப்பட்டார்கள். 1860களில் கொண்டுவரப்பட்ட விதிப்படி அவர்கள் தம் புகைப்படம் ஒட்டிய சீட்டை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும். இல்லாதவரை நாடோடி என்று பிடித்துச் செல்லலாம். தமிழர்களும் இதில் அகப்பட்டார்கள். சீட்டுக்கான செலவையும் காவலர்களின் கெடுபிடியையும் எதிர்த்து 1871இல் ஆயிரக்கணக்கானோர் மனு கொடுத்தார்கள். அதை எழுதி முன்னின்றவர் அடால்ஃப் த ப்ளேவிட்ஸ் என்பவர். அமெரிக்காவிலும் இதே கதைதான். சீனத் தொழிலாளர்கள் வசிப்புச் சான்றிதழ் பெற வேண்டும் என்று 1892ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது; அதில் புகைப்படம் வேண்டும் என்று 1893இல் திருத்தம் வந்தது. சந்தேகத்துக்கு உள்ளானவர்களை அடக்கிவைக்கப் பிறந்த கருவி பிறகு எல்லோருக்கும் பொதுவானது என்பதை இந்த வரலாற்றில் மறக்கக் கூடாது.

போர்தான் அதைப் பொதுவாக்கியது. கார்ல் ஹான்ஸ் லோடி என்ற ஜெர்மானிய உளவாளி, ஓர் அமெரிக்கரின் பெயரிலிருந்த உண்மையான பாஸ்போர்ட்டோடு பிரிட்டனுக்குள் நடமாடினார். படம் இல்லாததால் வேறொருவரின் ஆவணம் அவருக்கும் பொருந்தியது. 1914 நவம்பர் 6 அன்று லண்டன் கோபுரத்தில் அவர் சுட்டுக்கொல்லப்பட்டார். அடுத்த மாதமே அமெரிக்கா பாஸ்போர்ட்டில் புகைப்படத்தைக் கட்டாயமாக்கியது. பிரிட்டன் 1915இல் அதைப் பின்பற்றியது.

ஆரம்பத்தில் எந்த மாதிரிப் படம் என்று கண்டிப்பு இல்லை. தொப்பியோடு எடுத்தது, தோட்டத்து நாற்காலியில் அமர்ந்து எடுத்தது, குடும்பப் படத்திலிருந்து வெட்டியது என எதுவும் செல்லும். மனைவியும் குழந்தைகளும் கணவரின் பாஸ்போர்ட்டிலேயே ஒரே படத்தில் இருப்பதும் உண்டு. 1920 அக்டோபரில் பாரிசில் சர்வதேச சங்கம் (லீக் ஆஃப் நேஷன்ஸ்) கூட்டிய மாநாடுதான் 32 பக்கக் கையேட்டை எல்லா நாடுகளுக்கும் பொது வடிவமாகப் பரிந்துரைத்தது.

படம் ஒட்டியதும் புதிய சிக்கல் ஒன்று எழுந்தது. படம் ஒரு நாளின் முகத்தைப் பிடித்துவைக்கிறது. ஆளோ மாறிக்கொண்டே இருக்கிறார். இதற்கு அரசுகள் கண்ட மருந்து காலக்கெடு. 1915ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இரண்டே ஆண்டுக்குச் செல்லும். பின்னர் ஐந்து ஆண்டு, புதுப்பித்தால் பத்து என்று வளர்ந்தது. இன்று பல நாடுகளில் வயது வந்தோருக்குப் பத்து ஆண்டு. இந்தியாவில் 1990களில் கையால் எழுதிய பாஸ்போர்ட்டுகள் சில இருபது ஆண்டுக்குக்கூடத் தரப்பட்டன. இருபத்தைந்து வயதில் எடுத்த படத்தை நாற்பத்தைந்தில் நீட்டியவர்கள் உண்டு. இயந்திரம் படிக்க முடியாத பாஸ்போர்ட்டுகள் 2015 நவம்பர் 24க்குப் பிறகு செல்லாது என்று சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு கெடு வைத்தபோதுதான் அவை வழக்கொழிந்தன.

குழந்தைகளுக்குக் கெடு குறைவு. பெரும்பாலும் ஐந்து ஆண்டு. அதுவும் போதுவதில்லை. மூன்று மாதக் கைக்குழந்தையின் படம் நான்கு வயதுப் பிள்ளைக்கு எவ்விதத்திலும் அடையாளம் ஆகாது. அந்த வயதில் முகத்தைவிடக் கூட வரும் பெற்றோரும் பிறப்புச் சான்றிதழுமே பிள்ளை யார் என்பதற்குச் சாட்சி.

பெரியவர்களிடத்திலும் அதிகாரியின் கண் நினைப்பதைவிடப் பலவீனமானது. பழகிய முகத்தை எந்த மாற்றத்திலும் நாம் கண்டுகொள்கிறோம். முப்பது ஆண்டு முந்தைய பள்ளிக் குழுப் படத்தில் மகனைத் தாய் சட்டென்று காட்டுவாள். முன்பின் அறியாதவரின் முகத்தைப் படத்தோடு ஒப்பிடுவது வேறு வேலை. அங்கே ஒளி, கோணம், சிகை ஆகியவையே கண்ணை ஏமாற்றிவிடும். ஆஸ்திரேலியப் பாஸ்போர்ட் அதிகாரிகளை வைத்து நடத்தி 2014இல் வெளியிட்ட ஆய்வில், வேறொருவரின் படத்தைக் காட்டியவர்களில் 14 சதவீதத்தினரை அவர்கள் சரியான ஆள் என்று ஏற்றுக்கொண்டார்கள். நீண்ட பணி அனுபவம் பிழையைக் குறைக்கவில்லை. அதே கண் சரியான ஆளையும் வேறொருவர் என்று எண்ணிவிடலாம். ஆகவே முகச்சாயல் மாறிய நேர்மையான பயணி தடுக்கப்படுவதற்குக் காரணம் எப்போதும் அவருடைய முகமல்ல.

அடுத்து பாஸ்போர்ட்டுக்குள் மின்னணு சிப் வந்தது. மலேசியா 1998இல் முதல் பயோமெட்ரிக் பாஸ்போர்ட்டை வெளியிட்டது. எல்லா நாடுகளுக்கும் பொதுவான உடல் அடையாளமாக விமானப் போக்குவரத்து அமைப்பு முகத்தையே தேர்ந்தெடுத்தது. முகம் இயந்திரத்துக்கு ஏற்றதாக வேண்டியிருந்ததால் விதிகள் இறுகின: சிரிக்கக் கூடாது, வாய் மூடியிருக்க வேண்டும், கண்ணை முடி மறைக்கக் கூடாது. அமெரிக்கா 2016 நவம்பரிலிருந்து கண்ணாடியையும் தடுத்தது. இதனால் தினமும் கண்ணாடி அணிபவர், தம்மை யாரும் பார்த்திராத தோற்றத்தில் படத்தில் இருக்கிறார்.

விமான நிலையத்தில் முகத்தைச் சிப்பிலுள்ள படத்தோடு ஒப்பிடும் தானியங்கி வாயில் தாடியையும் முடி நிறத்தையும் ஓரளவு கடந்து பார்க்கும். ஆண்டுகள் கூடக்கூட அதற்கும் பிழை கூடுகிறது. பொருந்தாவிட்டால் பயணியை அதிகாரியின் மேசைக்கு அனுப்புகிறார்கள். அங்கே கையெழுத்து, ஓட்டுநர் உரிமம், பழைய விசா, பிறந்த ஊர் பற்றிய கேள்வி என்று படத்துக்கு முந்தைய காலத்து வழிகளே உதவுகின்றன. தென்கொரியாவில் அழகு அறுவை சிகிச்சை செய்துகொண்டு திரும்பும் வெளிநாட்டினருக்குச் சில மருத்துவமனைகள் சான்றிதழ் எழுதித் தருவது இதற்காகத்தான்.

எந்த மாற்றத்துக்குப் புதிய பாஸ்போர்ட் வேண்டும் என்பதில் அமெரிக்க விதி தெளிவானது. தாடி வைப்பதும் முடிக்குச் சாயம் பூசுவதும் கணக்கில் வராது. முக அறுவை சிகிச்சை, பெரிய அளவில் எடை கூடுவது அல்லது குறைவது, முகத்தில் பல துளைகளையோ பச்சைகுத்தலையோ சேர்ப்பது அல்லது நீக்குவது ஆகியவை வரும். இந்தியாவில் மறுவெளியீட்டு விண்ணப்பத்தில் ‘தோற்றம்’ விவர மாற்றங்களில் ஒன்றாக இடம்பெற்றுள்ளது. நோயாலோ விபத்தாலோ முகம் மாறியவரும், புதிதாகத் தலைப்பாகையும் தாடியும் ஏற்றவரும் கெடு முடியும்வரை காத்திராமல் அதன்கீழ் விண்ணப்பிக்கலாம்.