சோதனைக் குழாயும் பெயர்ப் பட்டியலும்

2020 ஏப்ரலில் நம் பக்கத்தில் நடந்த ஒரு சம்பவம் பலருக்கு மறந்திருக்கும். கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகி ஐந்து மாதம்கூட நிறையவில்லை. விழுப்புரம் அரசு மருத்துவமனையில் தனிமைப்படுத்தியிருந்த சிலரை, கொரோனா இல்லை என்று ஏப்ரல் 7ஆம் தேதி அனுப்பிவிட்டார்கள். பிறகுதான் தெரிந்தது, அவர்களில் நான்கு பேருக்குத் தொற்று உண்டு என்று. மூவரைத் திரும்ப அழைத்து வந்தாயிற்று. நான்காமவர் டெல்லிக்காரர். ஊரடங்கில் எங்கே போவார் பாவம்! தனிப்படைகள் தேடி, ஒரு வாரம் கழித்துச் செங்கல்பட்டு அருகே படாளத்தில் கண்டுபிடித்தார்கள்.

சோதனை சரியாகத்தான் சொல்லியிருந்தது. பிழை எழுத்து வேலையில். பதிவேடு எழுதியே ஓய்வுபெற்ற எனக்கு, அந்தச் செய்தியைப் படித்தபோது உள்ளூர நடுக்கம்தான் வந்தது.

ஆர்.டி.பி.சி.ஆர். செய்வது இதுதான். மூக்கிலிருந்தும் தொண்டையிலிருந்தும் எடுத்த சளியில் வைரஸின் ஆர்.என்.ஏ. இருந்தால், அதை டி.என்.ஏ.வாக மாற்றி, சூடாக்கிக் குளிரவைத்து, ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பாக்கும். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, முப்பது சுற்றில் நூறு கோடியைத் தாண்டிவிடும். அதனால்தான் துளி இருந்தாலும் பிடித்துவிடுகிறது. இந்த முறையைக் கண்டுபிடித்த அமெரிக்கர் கேரி முல்லிஸுக்கு 1993இல் நோபல் பரிசு கிடைத்தது. பல மாநிலங்கள் உடனடி முடிவு தரும் ஆன்டிஜென் சோதனைக்குப் போனபோதும் தமிழ்நாடு இதையே பிடித்துக்கொண்டது. முடிவு வரத் தாமதமானது உண்மை. ஆனாலும் அது நல்ல முடிவு என்பதே என் கட்சி.

"முதலில் நெகட்டிவ், நாலாம் நாள் பாசிட்டிவ். எது பொய்?" என்று எங்கள் கருணாபுரத்தில் இன்றும் கேட்பவர் உண்டு. இரண்டுமே மெய்யாக இருக்கலாம். தொற்றிய மறுநாளே குச்சியை விட்டால் அங்கே வைரஸ் போதுமான அளவு சேர்ந்திருக்காது. குச்சியைச் சரியாக விடாவிட்டாலும் அதே கதிதான். குணமானவருக்கோ, செத்த வைரஸின் மிச்சம் சில வாரங்கள்கூடப் பாசிட்டிவ் காட்டும். உயிருள்ளதா, செத்ததா என்று இந்தச் சோதனைக்குத் தெரியாது. அது தெரியாமல் வீட்டுக்குள் வரவிடாமல் வைக்கப்பட்டவர்கள் எத்தனை பேரோ!

இன்னொரு வேடிக்கை. இங்கே பயன்பட்ட ஒரு கிட் வைரஸின் மூன்று மரபணுக்களைத் தேடும். 2021 டிசம்பரில் சில மாதிரிகளில் இரண்டு தெரிந்தன, 'எஸ்' என்ற மூன்றாவது தெரியவில்லை. மரபணு உருமாறியதால் கிட்டின் கண்ணுக்குத் தப்பிவிட்டது. அந்தக் குறையே துப்பானது. இது ஒமைக்ரானாக இருக்கலாம் என்று சந்தேகித்து, அந்த மாதிரிகளை முழு மரபணுப் பகுப்பாய்வுக்கு அனுப்பினார்கள். தமிழ்நாட்டின் முதல் ஒமைக்ரான் நோயாளி அப்படித்தான் தெரியவந்தார்.