எளிதில் அடையாளம் காண இயலாதோர்

பலமனேரின் மளிகைக்கடை ஒன்றில் ரசீது இன்றி நூடுல்ஸ் பொட்டலம் வாங்கிச் செல்பவருக்கு இந்தியச் சட்டத்தில் ஒரு பெயர் உண்டு: எளிதில் அடையாளம் காண இயலாத நுகர்வோர். 1986-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துள் இத்தொடரைக் கொண்டுவந்தது 2002-ஆம் ஆண்டுத் திருத்தம். அத்தகையோர் பெருந்திரளாக இழப்புற்றிருப்பின், விற்கப்பட்ட குறையுள்ள பொருளின் மதிப்பில் 5 விழுக்காட்டுக்குக் குறையாத தொகையைச் செலுத்துமாறு விற்றவருக்கு ஆணையிடலாம். 2019-ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வரம்பை 25 விழுக்காடாக உயர்த்தியது. இழந்தவர் கைக்கு அது எவ்வாறு சேரும் என்பதை மட்டும் இரண்டும் விதிகளின் பொறுப்பில் விட்டுவிட்டன.

இச்சிந்தனைக்கு ஒரு முன்னோடி வரிச்சட்டத்தில் உள்ளது. மிகையாக வசூலிக்கப்பட்ட கலால் தீர்வையை உற்பத்தியாளரிடமே திருப்பித் தந்தால், அதை விலையில் ஏற்றி ஏற்கெனவே வாங்கியவரிடம் பெற்றுவிட்ட அவர் இருமுறை ஆதாயம் அடைவார். வாங்கியவர்களையோ தேடிப் பிடிக்க வழியில்லை. ஆகவே 1991-ஆம் ஆண்டுத் திருத்தம் நுகர்வோர் நல நிதி என்றொன்றை அமைத்து, அப்பணத்தை அதில் சேர்த்தது. மக்களின் பணம் மக்கள் பெயரிலான நிதிக்குப் போயிற்று, மக்களிடம் போகவில்லை.

பெருந்திரள் வழக்கு எனத்தக்க ஒன்று 2015-இல் வந்தது. அவ்வாண்டு ஜூன் 5 அன்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் மேகி நூடுல்ஸ் விற்பனையைத் தடைசெய்தது. ஆகஸ்ட் 13 அன்று பம்பாய் உயர்நீதிமன்றம் அத்தடையை நீக்கியது. அதே மாதத்தில் மத்திய அரசு, நுகர்வோர் அனைவர் சார்பிலும், நெஸ்லே நிறுவனத்திடம் ஏறத்தாழ 640 கோடி ரூபாய் கோரித் தேசிய நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகியது. அந்நடவடிக்கைக்கு டிசம்பரில் உச்சநீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. 2019 ஜனவரியில்தான் அது மீண்டும் நகர்ந்தது. 2024 ஏப்ரலில் வழக்கு தள்ளுபடியாயிற்று. ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள். யார் பெயரால் வழக்கு நடந்ததோ அவர்களுள் பெரும்பாலோர் அது நடந்ததையே அறியார்.

அமெரிக்காவில் இதன் மறுபக்கத்தைக் காணலாம். அங்கு 1966-இல் திருத்தி அமைக்கப்பட்ட 23-ஆம் விதியின்கீழ் இழந்தவருக்கு நேரடியாகவே பணம் கிடைக்கும். ரெட் புல் பானத்தின் விளம்பரம் குறித்த வழக்கு 2014-இல் 1.3 கோடி டாலர் உடன்பாட்டில் முடிந்தது. தலைக்கு 10 டாலர் என்றார்கள். விண்ணப்பங்கள் குவிந்தன; கடைசியில் வந்தது நான்கு டாலரும் சில்லறையும். எள்ளி நகையாடத்தக்க தொகைதான். ஆயினும் பெயரும் முகவரியும் உடைய ஒருவருக்கு அது வந்தது. அற்பத் தொகை என்று சலித்துக்கொள்ளும் உரிமையாவது அவருக்கு உண்டு.

இங்கே கவனிக்க வேண்டியது 'எளிதில்' என்னும் வினையடை. யாருக்கு எளிது? ஆணையத்துக்கா, விற்றவருக்கா? சட்டம் சொல்லவில்லை. 2002-இல் சில்லறை வணிகம் பெரிதும் சுவடின்றிக் கரைந்தது. அன்று அச்சொல்லுக்கு நியாயம் இருந்தது. 2016-இல் யுபிஐ வந்தபின், பெட்டிக்கடைச் செலுத்தலும் வாங்கியவரின் வங்கிக் கணக்குவரை தடம் பதிக்கிறது. மூன்றாண்டு கழித்து எழுதப்பட்ட புதிய சட்டம் விழுக்காட்டை ஐந்து மடங்காக்கியது. வினையடையை அப்படியே வைத்துக்கொண்டது.