மதராஸ் கடலும் ஜப்பானின் டோக்காய் விமானமும்

மூலக்கொத்தளம், ராயபுரம், காசிமேடு பக்கம் போர்க்கதை என்றாலே எல்லோரும் சொல்வது எம்டன் தான். 1914 செப்டம்பர் 22 இரவு அந்த ஜெர்மன் கப்பல் துறைமுகத்தின் அருகே இருந்த எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்தது. ஆனால் இரண்டாம் உலகப்போரில் இதே கடலில் நடந்தது பலருக்குத் தெரியாது.

1942 ஜனவரி 29. ஐ-64 என்ற ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பல், மதராஸுக்குக் கிழக்கே ஃப்ளாரன்ஸ் லக்கன்பாக் என்ற அமெரிக்க சரக்குக் கப்பலை மூழ்கடித்தது. அடுத்த இரண்டு நாட்களில் ஜலதரங், ஜலபாலகா என்ற இரண்டு இந்தியக் கப்பல்களும் போயின. மூன்று நாளில் மூன்று கப்பல்!

சரக்குக் கப்பல் மூழ்கினால் நஷ்டம் முதலாளிக்கு மட்டும் இல்லை. மாலுமிகளின் உயிர் போகிறது, இன்சூரன்ஸ் ஏறுகிறது, சந்தையில் விலை ஏறுகிறது, துறைமுகத்தில் மூட்டை தூக்குபவருக்கு வேலை போகிறது.

ஆங்கிலேயர்கள் இதற்குச் செய்த ஏற்பாடு வடசென்னைக்குப் பக்கத்திலேயே இருந்தது. ஊருக்குக் குடிநீர் தரும் செங்குன்றம் ஏரியை விமான தளமாக்கினார்கள். 1942 நடுவில் பிரிட்டிஷ் விமானப்படையின் 240ஆவது பிரிவு கேடலினா விமானங்களுடன் அங்கே வந்தது. கேடலினா தண்ணீரிலேயே இறங்கி ஏறும். வேகம் குறைவு, ஆனால் சுமார் 4,000 கி.மீ. பறக்கும். கடலுக்கு மேல் மணிக்கணக்காகச் சுற்றி நீர்மூழ்கிகளைத் தேடுவதற்கு அதுதான் தேவை.

சரி, அந்த ஐ-64 என்ன ஆனது? அந்தக் கப்பலை 1942 மே 17 அன்று, ஜப்பானின் கியூஷு தீவு அருகிலேயே டிரைட்டன் என்ற அமெரிக்க நீர்மூழ்கி மூழ்கடித்தது. அடுத்தவர் கடலில் வேட்டையாடியது தன் வீட்டு வாசலில் மாட்டிக்கொண்டது.

இதில்தான் ஜப்பானின் பெரிய தவறு தெரிகிறது. அதன் கடற்படை பெரிய போர்க்கப்பல் சண்டைகளையே நினைத்துக் கொண்டிருந்தது. சரக்குக் கப்பலுக்குக் காவல் போவது கௌரவக் குறைவாகத் தெரிந்தது. காவலுக்கென்று தனித் தலைமையகம் 1943 நவம்பரில்தான் வந்தது.

நீர்மூழ்கிகளைத் தேடுவதற்கென்றே ஜப்பான் வடிவமைத்த விமானம் டோக்காய். "கிழக்குக் கடல்" என்று பொருள். கியூஷு என்ற கம்பெனி தயாரித்தது. இரண்டு என்ஜின், மூன்று பேர். ரேடார் உண்டு. தண்ணீருக்குள் இருக்கும் இரும்பால் பூமியின் காந்தப்புலத்தில் ஏற்படும் சிறு மாற்றத்தைக் கண்டுபிடிக்கும் கருவியும் உண்டு. தாழ்வாக, மெதுவாகப் பறந்து தேடும். யோசனை நல்ல யோசனைதான். ஆனால் முதலில் பறந்தது 1943 செப்டம்பரில், பணிக்கு வந்ததோ 1945இல். மொத்தம் சுமார் 150 விமானங்கள்தான் செய்ய முடிந்தது. அதற்குள் வானம் அமெரிக்கர் கையில். மெதுவாகப் பறக்கும் டோக்காய் அவர்களின் சண்டை விமானங்களுக்குச் சுலபமான இலக்கானது.

ஜப்பான் அந்தப் போரில் இழந்த சரக்குக் கப்பல்கள் சுமார் 80 லட்சம் டன். அதில் பாதிக்கு மேல் நீர்மூழ்கிகளால் போனது. எண்ணெயும் அரிசியும் வராமல் ஒரு தீவு நாடு எத்தனை நாள் தாக்குப்பிடிக்கும்?

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பார்கள். மதராஸ் கடலில் மூன்று கப்பல் போனபின் ஆறே மாதத்தில் செங்குன்றத்தில் காவல் வந்தது. ஜப்பானுக்கு அந்தப் புத்தி வர மூன்று வருடம் ஆனது.